மழுங்கிய ஒபினெல் மடக்குக் கத்தியை வீட்டிலேயே தீட்டுவது எப்படி?

கேள்வி இது: அண்ணன் பிரான்ஸிலிருந்து வந்தபோது ஒபினெல் எட்டாம் நம்பர் மடக்குக் கத்தி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். வீடு புதுச்சேரியில், கடற்கரைக்குப் பக்கம். ஆறே மாதத்தில் அலகில் துருப்புள்ளிகள் வந்துவிட்டன. தட்டில் வைத்து மாம்பழம் நறுக்கினால் தோல் நசுங்குகிறது, வெட்டுப்பட மாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில் கத்தியைத் திறக்கவே முடிவதில்லை. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? நானே தீட்டுவதென்றால் எந்தக் கல் வாங்குவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கத்தி கெட்டுப்போகவில்லை. நீங்கள் சொன்ன மூன்று குறையும் வீட்டிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சரிசெய்யக் கூடியவை. சாணைச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரி பக்கம் நாற்றங்கால் வைத்திருக்கிறேன். மா ஒட்டுக்கட்டுவது எங்கள் குடும்பத் தொழில். மடக்குக் கத்தி இல்லாமல் எங்களுக்கு வேலையே இல்லை. ஒட்டுக்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, பிளந்து வைத்த வேர்ச்செடிக்குள் செருகிக் கட்டுவோம். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். சீவிய முகம் வழவழவென்று ஈரம் மின்ன இருந்தால் ஒட்டு பிடிக்கும். கத்தி மழுங்கியிருந்தால் பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலம் நசுங்கும், நசுங்கிய இடம் கறுத்துக் குச்சி காய்ந்துபோகும். அதனால் பருவத்தில் தினமும் காலையில் கத்தியைத் தீட்டிவிட்டுத்தான் செடியைத் தொடுவோம். ஒட்டுக்கு வேறு கத்தி வைத்திருக்கிறேன். ஒபினெல் என் சட்டைப்பையில் இருப்பது, பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும். இரண்டுக்கும் தீட்டும் முறை ஒன்றுதான்.

ஒபினெல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் குறைகளின் காரணம் தானாகப் புரியும். பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவ்வாவில் 1890 இல் ஜோசப் ஒபினெல் என்ற இளைஞர் உருவாக்கிய உழவர் கத்தி இது. 1897 இல் அதை ஒன்று முதல் பன்னிரண்டு வரை அளவு போட்டு விற்கத் தொடங்கினார். ஒன்றாம் நம்பரும் பதினொன்றாம் நம்பரும் பிறகு நின்றுபோயின. உங்களுடைய எட்டாம் நம்பருக்கு அலகு 8.5 சென்டிமீட்டர். கழுத்தில் சுற்றும் அந்த உலோக வளையத்தை 1955 இல் அவருடைய மகன் மார்செல் கண்டுபிடித்தார், திறந்த அலகு விரல் மேல் மடங்கிவிடாமல் பூட்டுவதற்காக. எண்ணிப் பார்த்தால் மொத்தமே ஐந்து பாகம்தான்: மரக் கைப்பிடி, அலகு, குறுக்கே போகும் ஆணி, கழுத்தில் அசையாமல் இருக்கும் உள்வளையம், அதன் மேல் சுற்றும் வெளிவளையம். ஸ்பிரிங் கிடையாது, திருகு கிடையாது. இந்த எளிமைக்காகவே எனக்கு இந்தக் கத்தி பிடிக்கும். ஆனால் கத்தி மரத்தையும் இரும்பையும் நம்பி இருக்கிறது, இரண்டுக்கும் தண்ணீர் ஆகாது.

அலகில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். ‘இனாக்ஸ்’ என்று இருந்தால் துருப்பிடிக்காத எஃகு. ‘கார்பன்’ என்று பிரெஞ்சில் இருந்தால் பழைய வகை கரி எஃகு. ஆறு மாதத்தில் புள்ளி விழுந்தது என்கிறீர்கள் என்பதால் உங்களுடையது இரண்டாவது வகை என்றே எடுத்துக்கொள்கிறேன். கரி எஃகில் துருவைத் தடுக்கும் குரோமியம் இல்லை. துருப்பிடிக்காது என்று சொல்லும் எஃகில் குறைந்தது பத்தரை சதவீதமாவது குரோமியம் இருக்கும். கடற்காற்றில் உப்பு வேறு கலந்திருக்கிறது. அந்த உப்பு அலகில் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கத்தியில் தண்ணீரே படாவிட்டாலும் துரு வரும். இதற்கு ஈடாகக் கரி எஃகில் ஒரு நன்மை உண்டு. கல்லில் சீக்கிரம் தீட்டுப்படும், தீட்டும்போது விளிம்பில் சுருளும் பிசிறும் எளிதாக உதிரும். தீட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஃகு இல்லை.

துருவிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லாக் கறையும் துரு ஆகாது. ஆரஞ்சும் செம்பழுப்புமாக, விரலில் ஒட்டும் பொடியாக இருப்பது துரு. மாங்காய், எலுமிச்சை, வாழைக்காய் நறுக்கிய பிறகு அலகில் படரும் நீலச்சாம்பல், கருஞ்சாம்பல் நிறம் வேறு. அது மெல்லிய படலமாக இரும்பை மூடிக்கொள்வது, துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். என் கத்தியின் அலகு முழுக்க மழைமேகம் மாதிரிதான் இருக்கிறது, அப்படியே விட்டிருக்கிறேன்.

ஆரஞ்சுத் துருவை எடுக்க அலகில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, 1000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, விரலளவு மடித்து, அலகின் நீளவாட்டில் மெதுவாகத் தேயுங்கள். குறுக்காகத் தேய்த்தால் கீறல் அசிங்கமாகத் தெரியும். அலகை ஒரு மரப்பலகையில் படுக்கவைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து கூர்ப் பக்கம் போகாமல் கைப்பிடியிலிருந்து நுனிப் பக்கமாகப் போங்கள். எங்கள் பாட்டி அருவாமணையை அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். அதுவும் லேசான துருவுக்குப் போதும். புளி, எலுமிச்சை போட்டு ஊறவைக்காதீர்கள். பித்தளைக்கு அது சரி, இரும்பில் நல்ல பகுதியையும் அரித்துவிடும். துரு போன பிறகு குண்டூசி முனை அளவில் குழிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கூர்விளிம்பில் இல்லாதவரை அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை.

அடுத்து, மழையில் இறுகும் கைப்பிடி. ஒபினெல் கைப்பிடி பீச் (beech) மரம். மரம் ஈரம் குடித்தால் நீளவாட்டில் அவ்வளவாக வளராது, குறுக்கே உப்பும். அலகு உட்காரும் பிளவு அந்தக் குறுக்குவாட்டில்தான் இருக்கிறது. அது உப்பி அலகின் அடியை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய வீட்டு மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்ளுமே, அதே கதைதான்.

திறக்காத கத்தியை நகத்தால் இழுத்துப் போராடாதீர்கள். நகம் பெயரும், இல்லாவிட்டால் சட்டென்று திறந்து கையைக் கிழிக்கும். சவ்வாக்காரர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைப் பூட்டு விலகும் நிலைக்குத் திருப்பிவிட்டு, கத்தியின் அலகு வெளியே வரும் பக்கம் மேலே பார்க்கும்படி பிடித்து, கைப்பிடியின் வால் முனையை மேசை விளிம்பில் டக்கென்று ஒரு தட்டுத் தட்டினால், அலகு தன் எடையிலேயே கொஞ்சம் எகிறி வெளியே வரும். அப்புறம் விரலால் பிடித்துத் திறந்துகொள்ளலாம். உங்கள் கத்தியிலும் முயன்று பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

இது தற்காலிக வழிதான். நிரந்தரமாகச் சரிசெய்ய, கத்தியைத் திறந்து நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் வைத்தால் மரம் ஒரே பக்கம் காய்ந்து விரிசல் விடும். காய்ந்த பிறகும் அலகு சிரமப்பட்டே அசைந்தால், வாட்டர் பேப்பரை இரண்டாக மடித்துப் பிளவுக்குள் விட்டு, ஆணிக்கு அருகே உள்ள மரச்சுவரை இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து தடவை தேயுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அசைத்துப் பாருங்கள். ஒரேயடியாகத் தேய்த்துவிட்டால் வெயில்காலத்தில் அலகு லொடலொடவென்று ஆடும். பிறகு வெள்ளை மெழுகுவத்தியைச் சீவி அந்த இடுக்கில் தூவி, ஹேர் டிரையர் காற்றில் உருகவிட்டு, அலகைப் பலமுறை திறந்து மூடுங்கள். மெழுகு மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும், அசைவும் வழுக்கும்.

கைப்பிடி முழுவதற்கும் எண்ணெய் பூச விரும்பினால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் நல்லது. மெல்லியதாகப் பூசி, கால்மணி நேரம் கழித்துத் துடைத்து, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். இதைக் கட்டாயம் கவனியுங்கள்: அந்த எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, கொடியில் விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்துங்கள். அலகில் இந்த எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும்.

சரி, இப்போது கூர். உங்கள் கேள்வியில் ஒரு சொல் என் கண்ணில் பட்டது. ‘தட்டில் வைத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தி மழுங்கியதற்கு முழுக் காரணம் அதுதான். ஒவ்வொரு வெட்டின் கடைசியிலும் மயிரிழையை விட மெல்லிய கூர்விளிம்பு எவர்சில்வர் தட்டில் மோதி மடங்குகிறது. பீங்கான் தட்டும் கிரானைட் மேடையும் இன்னும் மோசம். நல்ல கத்தியைக் கொண்டு தட்டில் ஒரே ஒரு மாம்பழம் நறுக்கினால் போதும், தீட்டிய பலன் பாதி போய்விடும். ஒரு சின்ன மரப்பலகை வாங்கிக்கொள்ளுங்கள். கல்லுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள்.

கல் என்று பார்த்தால் உயர்ந்த விலை ஜப்பான் கற்கள் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் ‘கார்போரண்டம் கல்’ என்று கேளுங்கள், ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும் இரட்டைக் கல் தருவார்கள். சிலிக்கன் கார்பைடுக்குச் சூட்டிய வணிகப் பெயர்தான் கார்போரண்டம். சென்னையில் 1954 இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தால் அந்தப் பெயர் நம் ஊர்க் கடைகளில் நிலைத்துவிட்டது. எட்டு அங்குல நீளக் கல்லாக வாங்குங்கள், குட்டையான கல்லில் கை சமநிலைக்கு வராது. அதோடு 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் இரண்டிரண்டு தாள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தாளைத் தண்ணீர் தொட்டு ஒட்டிவிட்டால் அதுவே நைசான கல். நான் ஒட்டுக்கத்திக்கே பல வருடம் இப்படித்தான் செய்தேன்.

கல்லைக் கால்மணி நேரம் தண்ணீரில் போட்டு, நனைத்துப் பிழிந்த துணியின் மேல் வையுங்கள், நகராது. சிலர் எண்ணெய் ஊற்றித் தீட்டுவார்கள். அதுவும் சரி, ஆனால் ஒருமுறை எண்ணெய் ஊறிய கல்லில் பிறகு தண்ணீர் ஏறாது. வீட்டுக்குத் தண்ணீர்தான் வசதி. கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பிப் பூட்டிவிட்டுத்தான் கல்லில் வைக்க வேண்டும். பூட்டாத அலகு தீட்டும்போது விரல் மேல் மடங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சாய்வு. எல்லோரும் தடுமாறும் இடம். இந்தக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 டிகிரி போதும். டிகிரியை யார் அளப்பது என்று கேட்பீர்கள். அளக்க வேண்டாம், இப்படிச் செய்யுங்கள்: அலகின் அகலத்தை, அதாவது முதுகிலிருந்து கூர் வரை, அளந்துகொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகு கல்லிலிருந்து தூக்கியிருந்தால் அதுதான் 20 டிகிரி. நாலில் ஒரு பங்கு என்றால் 15 டிகிரி. அகலம் 18 மில்லிமீட்டர் என்றால் முதுகு 6 மில்லிமீட்டர் உயரம். சில்லறை நாணயங்களை அந்த உயரத்துக்கு அடுக்கி, கல்லின் மேல் வைத்து, அதில் முதுகைச் சாய்த்துப் பாருங்கள். அந்தச் சாய்வைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு நாணயத்தை எடுத்துவிடுங்கள்.

சரியான சாய்வா என்று தெரிய ஒரு நல்ல வழி மார்க்கர் பேனா. கூர்விளிம்பை ஒட்டிய சரிவில் இரண்டு பக்கமும் கறுப்பு மை பூசி, கல்லில் நாலைந்து தடவை தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை முழுக்க அழிந்திருந்தால் சாய்வு சரி. விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் முதுகை அதிகம் தூக்கிவிட்டீர்கள். விளிம்பில் மை அப்படியே இருந்து மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது. பழகுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தப்பைத்தான் செய்வார்கள். அரைமணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை என்று சொல்வார்கள். பார்த்தால் கல் விளிம்பைத் தொட்டே இருக்காது.

கரட்டுப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். வலக்கை கைப்பிடியில், இடக்கையின் இரண்டு விரல் அலகின் மேல், கல்லுக்கு நேர் மேலே. கூர் முன்னால் போகும்படி, கல்லிலிருந்து மெல்லிய தோல் சீவி எடுப்பது போல் தள்ளுங்கள். தள்ளிக்கொண்டே அலகின் அடியிலிருந்து நுனி வரை முழு நீளமும் கல்லில் படவேண்டும். நுனியை நெருங்கும்போது அலகு வளைகிறது. அந்த இடத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் வளைவும் கல்லில் படும். உயர்த்தாவிட்டால் நுனி தீட்டுப்படாமல் மொக்கையாகவே இருந்துவிடும். கல்லில் கறுப்புச் சேறு சேரும். அது தேய்ந்த இரும்பும் கல்தூளும், துடைக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் அவ்வப்போது தெளியுங்கள்.

எத்தனை தடவை தேய்க்க வேண்டும் என்று எண்ணிக்கை கேட்டால் சொல்ல மாட்டேன். பிசிறு வரும்வரை தேய்க்க வேண்டும். என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது மொத்தமும் இந்த ஒன்றுதான். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் இரும்பு மெலிந்து மெலிந்து, விளிம்பு வரை தேய்ந்ததும் தாங்க முடியாமல் மறுபக்கம் சுருண்டு நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தச் சுருள்தான் பிசிறு. மறுபக்கத்தில் கட்டைவிரல் சதையை முதுகிலிருந்து கூர்விளிம்பைத் தாண்டி வெளியே வழுக்குங்கள். கூரின் நீளவாட்டில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். பிசிறு இருந்தால் பூனை நாக்கு மாதிரி லேசாகச் சுரண்டும். விரலை நம்ப முடியவில்லை என்றால் பஞ்சுத் துணுக்கை அதே திசையில் இழுத்துப் பாருங்கள், பிசிறு உள்ள இடத்தில் பஞ்சு இழை மாட்டும்.

அப்பா நாற்றங்கால் கொட்டகையில் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை கத்தியைத் திருப்பிக் கட்டைவிரலை அப்படி வழுக்கிப் பார்ப்பார். கண் கத்தியில் இருக்காது, வெளியே செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடியில் பிசிறு வந்திருக்கும், நுனியில் வந்திருக்காது. வராத இடத்தில் மட்டும் இன்னும் நாலு தேய்ப்பு. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகப் பிசிறு வந்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடுவார். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். ஒரு பக்கம் முழுக்க பிசிறு வராமல் மறுபக்கம் போனால் அவ்வளவு உழைப்பும் வீண்.

மறுபக்கத்திலும் பிசிறு வந்ததும் கல்லைத் திருப்பி நைசுப் பக்கத்தில் அதையே செய்யுங்கள், அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து. பிறகு கண்ணாடி மேல் ஒட்டிய 1000, அதன்பின் 2000 நம்பர் தாள். தாளில் மட்டும் திசை மாறும்: கூர் முன்னால் போனால் தாளைக் கிழித்துவிடும், அதனால் முதுகு முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். கடைசி இருபது தேய்ப்பும் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் போதும் என்கிற அளவுக்கு லேசாக. பிசிறு இரண்டு பக்கமும் அலைந்து அலைந்து மெலிந்து உதிர்ந்துவிடும். அழுத்தினால் புதுப் பிசிறு கிளம்பும். அவசரக்காரர்கள் கத்தியைக் கெடுப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். பிசிறோடு விட்ட கத்தி அன்றைக்குப் பிரமாதமாக வெட்டும். மறுநாள் பிசிறு மடங்கி மொக்கையாகிவிடும். கல் சரியில்லை என்று கல்லைத் திட்டுவார்கள்.

மிச்சமிருக்கும் பிசிறை எடுக்கத் தோல் வார். ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் பிளேடு வருவதற்கு முன் சலூனில் சவரக்கத்தியைப் பட்டைத் தோலில் இரண்டு பக்கமும் வழித்து வழித்து எடுப்பார்களே, அதுவேதான். பழைய தோல் பெல்ட் ஒன்றைப் பலகையில் உட்புறம் மேலே வரும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். முதுகு முன்னால் போக, ஒவ்வொரு பக்கமும் பதினைந்து இருபது தடவை. பாத்திரப் பாலிஷ் கடைகளில் பச்சை நிறத்தில் பாலிஷ் கட்டி கிடைக்கும், அதை வாரில் லேசாகத் தடவினால் இன்னும் நல்லது. திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள், கூரின் மேல் உருட்டினால் வாரும் அறுபடும், கூரும் போகும்.

வந்த கூர் போதுமா என்று பார்க்க, மேசை விளக்குக்கு நேரே கூர்விளிம்பை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எங்காவது வெள்ளைப் புள்ளி, வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல். அப்புறம் செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள், கிழியாமல் சத்தமில்லாமல் அறுபட வேண்டும். சமையலறையில் தக்காளித் தோல்தான் சரியான நீதிபதி. அழுத்தாமல், கத்தியை வைத்து இழுத்தாலே தோல் திறக்க வேண்டும். கைமுடியைச் சிரைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. பிசிறுள்ள கத்தியும் முடியைச் சிரைக்கும், அதனால் அது ஒன்றையும் நிரூபிப்பதில்லை.

இப்போது சாணைச் சக்கரம். அரிவாள், தேங்காய்க் கத்தி, அருவாமணைக்கு சைக்கிள் சாணை நல்லது, நானே கொடுப்பேன். அந்த அலகுகள் தடியானவை. ஒபினெல் அலகு மெல்லிசு. எஃகைக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திக் கடினமாக்கிய பிறகு, நொறுங்காமல் இருப்பதற்காக இன்னொரு முறை இளஞ்சூட்டில், கரி எஃகுக்குச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் அளவில், பதப்படுத்துவார்கள். அந்தப் பதத்தில்தான் கூர் நிற்கும். உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய விளிம்பை அழுத்தினால் சில நொடியில் அதைவிடச் சூடேறிவிடும். வைக்கோல் நிறம் தெரிந்தால் 220 டிகிரியைத் தொட்டுவிட்டது, நீலம் தெரிந்தால் 300 டிகிரி பக்கம் போய்விட்டது. நீலம் ஏறிய இடத்தில் பதம் இறங்கிப் போயிருக்கும், எவ்வளவு தீட்டினாலும் ஒரு நாள் கூட நிற்காது.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம், ஒட்டுப் பருவத்துக்கு முன்னால் நேரமில்லை என்று என் கத்தியைச் சக்கரத்துக்குக் கொடுத்தேன். பொறி பறக்கப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. நுனியில் மட்டும் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கீற்று. அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அந்த வாரம் நுனியால் பிளந்த வேர்ச்செடிகள் எல்லாம் பிளவில் நார்நாராக இருந்தன, கட்டியதில் நிறைய காய்ந்துபோயின. கடைசியில் நீலம் ஏறிய அரை சென்டிமீட்டரைக் கல்லில் தேய்த்தே போக்க இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று. கத்தி இன்றைக்கும் அந்த அளவு குட்டைதான்.

தினசரிப் பராமரிப்புக்கு வருகிறேன். வெட்டியதும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. முக்கியமாகப் பழச்சாற்றோடு மூடி வைக்காதீர்கள். பிளவுக்குள் போகும் சாறு காயவே காயாது, அலகும் மரமும் இரண்டும் கெடும். பாத்திரத் தொட்டியில் ஊறப்போடவே கூடாது. கழுவ வேண்டியிருந்தால் அலகை மட்டும் குழாயடியில் காட்டி, கைப்பிடியை நனைக்காமல் எடுத்துத் துடைத்து, திறந்தபடியே ஒரு மணி நேரம் வையுங்கள்.

அலகில் பூச எண்ணெய்க்கு மருந்துக்கடையில் ‘லிக்விட் பாரஃபின்’ என்று கேளுங்கள். நிறமும் வாடையும் இல்லாத கனிம எண்ணெய், மருந்துத் தரம் என்பதால் பழம் நறுக்கும் கத்திக்குப் பயமில்லை, நாள்பட்டாலும் பிசுபிசுக்காது. தையல் மெஷின் எண்ணெயும் அதே குடும்பம்தான், ஆனால் சாப்பாட்டுக் கத்திக்கு மருந்துக்கடைச் சரக்கே நல்லது. தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், மாதக்கணக்கில் வைக்கும் கத்திக்கு வேண்டாம். சூரியகாந்தி, கடலை எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். ஆணியில் ஒரு சொட்டு, அலகில் இரண்டு சொட்டு விட்டு விரலால் தடவித் துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு படலம் இருந்தால் போதும். புதுச்சேரியில் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். தோல் உறையில் போட்டு வைக்க வேண்டாம். கடலோர ஊரில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுற்றும் வளையம் மணலோடு கரகரவென்றால் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அதைக் கழற்றிப் பார்க்க ஆசை வரும். வளையங்களைக் கழற்றும் சர்க்ளிப் பிளையரால் விரித்து எடுக்கலாம்தான், ஆனால் கொஞ்சம் அதிகம் விரித்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும், பிறகு பூட்டை நம்ப முடியாது. நான் என்னுடையதைக் கழற்றியதே இல்லை.

இளநீர் சீவ, டப்பா மூடி நெம்ப, எலும்பு வெட்ட இந்தக் கத்தியை எடுக்காதீர்கள். பக்கவாட்டில் நெம்பினால் மெல்லிய அலகு பல் விடும், விட்ட பல்லைப் போக்க விளிம்பு முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்க்க வேண்டிவரும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் கரட்டுக் கல்லுக்கு வருடத்தில் ஓரிரு முறைதான் வேலை. மற்றபடி செய்தித்தாளை அறுக்கும் கூர் குறைவதாகத் தோன்றும்போது வாரில் இருபது வழிப்பு, அதிலும் தேறாவிட்டால் 2000 நம்பர் தாளில் கொஞ்சம். கல்லும் நடுவில் குழிவிழும். குழிந்த கல்லில் சாய்வு நிற்காது. கடப்பாக்கல் மேல் ஆற்று மணலும் தண்ணீரும் தெளித்துக் கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் மட்டமாகிவிடும்.

ஒன்று மட்டும் பாக்கி. ஒபினெல்லிலேயே இனாக்ஸ் வாங்கியிருக்கலாமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். கடற்கரைக்கு எடுத்துப்போக, மீன் கழுவ, வீட்டில் எல்லோரும் எடுத்துப் புழங்க என்றால் இனாக்ஸ்தான் சரி, அதில் தயக்கமே வேண்டாம். தீட்டும்போது பிசிறு உதிரக் கொஞ்சம் அடம்பிடிக்கும், அவ்வளவே. அண்ணன் கொடுத்த கத்தியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல் வாங்கியதும் முதல் இரண்டு நாள் சமையலறையில் கிடக்கும் ஏதாவது பழைய கத்தியில் மார்க்கர் பூசிப் பழகுங்கள். கட்டைவிரலுக்குப் பிசிறு பிடிபட்ட அன்றைக்கு ஒபினெல்லைக் கல்லில் வையுங்கள்.